லேபில் மைக்கோபிளாஸ்மா: செல்களைக் கொட்டிவிடவா, பர்சரி முடியும்வரை ஓட்டவா?

கயல்_டர்பன் | ஞாயிறு இரவு

வணக்கம். லேபில் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் குழுமத்தில் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த தைரியத்தில் கேட்கிறேன்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம். டர்பனில் பிஎச்.டி. பண்ணுகிறேன். காசநோய்க் கிருமி உள்ளே நுழைந்ததும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் எந்தெந்த சைட்டோகைனை (மற்ற செல்களை உஷார்ப்படுத்தும் புரதம்) எவ்வளவு வெளியே விடுகிறது என்பதுதான் தலைப்பு. நோயாளி ரத்தத்திலிருந்து செல் எடுக்க வேண்டுமென்றால் அனுமதி, ஆள், நேரம் எல்லாம் கூடிவர வேண்டும். அதனால் முக்கால்வாசி வேலை டி.எச்.பி.-1 என்ற, லேபில் ஓயாமல் பெருகும் மனிதச் செல்வரிசையில்தான்.

கொஞ்ச காலமாகவே, கிருமி போடாத கன்ட்ரோல் குழிகளில் டி.என்.எஃப். என்ற சைட்டோகைனின் அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. கிட் மாறினதால் இருக்கும் என்றார்கள். செல்லுக்கு ஊற்றும் சீரம் லாட் மாறினதால் என்றார்கள். போன வாரம் பக்கத்து லேப் அக்கா, தன்னுடைய பி.சி.ஆரில் இடம் மிச்சம் இருக்கிறது என்று எங்கள் மீடியாவையும் (செல் வளரும் திரவம்) சேர்த்து ஓட்டிக் கொடுத்தார். மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் ஒளிந்துகொள்ளும் மிகச் சிறிய பாக்டீரியா) பட்டை பளிச்சென்று விழுந்தது. என் ஃபிளாஸ்க் மட்டுமில்லை, அந்த இன்குபேட்டரில் இருக்கும் எல்லோருடையதும்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னோம். கோபப்படவில்லை. "மருந்து போட்டுச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், இதுவரை எடுத்ததை எழுதுங்கள்" என்றார். என் இரண்டாவது, மூன்றாவது அத்தியாயங்கள் முழுக்க இந்தச் செல்கள்தான். பர்சரி (படிப்பு உதவித்தொகை) வருடக் கடைசியோடு சரி. விசாவும் அதை ஒட்டித்தான் ஓடுகிறது. முதலிலிருந்து தொடங்கினால் முடிக்க முடியுமா என்றே தெரியவில்லை. தொடங்காமல் இதையே எழுதிக் கொடுக்கக் கை வரவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தீர்கள்? லேப் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.


பாசேஜ்_கேப்டவுன் | ஞாயிறு இரவு

கொட்டு தங்கச்சி. ஃபிளாஸ்க்கோடு ஆட்டோகிளேவில் போடு. இதில் இரண்டு பேச்சு இல்லை.

உன் தலைப்பு அப்படி, அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். வேறு யாராவது ஏதோ ஒரு புரதத்தை வடித்தெடுக்க மட்டும் செல் வளர்த்தால் பேரம் பேசிப் பார்க்கலாம். உன் கேள்வியே செல் எவ்வளவு சைட்டோகைன் விடுகிறது என்பதுதானே? மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. வெளிச்சவ்வு முழுக்க லிப்போபுரதங்கள். மேக்ரோஃபேஜ் அவற்றை டி.எல்.ஆர்.-2 என்ற ஏற்பி வழியாகக் கண்டுபிடித்து டி.என்.எஃப்., ஐ.எல்.-6 எல்லாம் விட ஆரம்பிக்கும். காசநோய்க் கிருமியின் லிப்போபுரதங்களைப் பிடிப்பதும் அதே ஏற்பிதான். நீ கிருமி போடுவதற்கு முன்பே அந்தச் செல் சண்டையில் இறங்கியிருக்கிறது. அல்லது சண்டை போட்டுச் சலித்துப்போய், புதுசாக வந்த கிருமியைக் கண்டுகொள்ளாமலும் இருந்திருக்கலாம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் எதை எதிலிருந்து கழிப்பாய்?

இது மீடியாவைக் கலங்கடிக்காது. ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் இருந்தாலும் தெளிவாகவே தெரியும். 0.22 மைக்ரான் ஃபில்டரில் நெளிந்து தாண்டிவிடும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிற பென்-ஸ்ட்ரெப் ஆன்டிபயாடிக் கலவையில் பென்சிலின் செல்சுவரைத் தாக்குகிற மருந்து. சுவரே இல்லாததை அது என்ன செய்யும்?

பேராசிரியர் சொல்கிற மருந்து நாளைய செல்லைச் சுத்தமாக்கும். போன வருட டேட்டாவைச் சுத்தமாக்காது.


நடுவழி | திங்கள் காலை

கொட்டு கொட்டுன்னு சொல்றது சுலபம் அண்ணா. யார் காசு?

பிரிட்டோரியாவுல இருக்கேன், செல் கல்ச்சர்தான் என் வேலையும். சீரம் வெளிநாட்டுலேர்ந்து வரணும். விலை டாலர்ல ஏறும், ராண்ட் அதுக்கு ஏத்த மாதிரி விழும். ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல பெட்டி நின்னா உலர்பனி தீர்ந்துபோய் உள்ள இருக்கிறது பாழ். புது டி.எச்.பி.-1 ஆம்ப்யூல் (உறைஞ்ச செல் குப்பி) செல் வங்கியிலேர்ந்து வரணும்னா இறக்குமதி அனுமதி, டெலிவரி எல்லாம் சேர்த்து மாசக்கணக்கு. அமெரிக்காவுல இருக்கிற ஆள் நாளைக்கே புது ஆம்ப்யூல் வாங்கிடுவார். நமக்கு அப்படி இல்லை.

2022, 2023 லோட்ஷெடிங்கை, அந்த முறை வச்ச கரண்ட் கட்டை, மறந்துட்டோமா? ஸ்டேஜ் 6 ஓடினப்போ கரண்ட் போறதும் வர்றதும் ஜெனரேட்டர் மாறறதுமா இன்குபேட்டர் அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். மைனஸ் 80 ஃப்ரீசர் கம்ப்ரஸர் அந்த அடியில போச்சு. உள்ள இருந்த ஸ்டாக்கைத் தூக்கிட்டு மாடி மாடியா அலைஞ்சோம். அப்போ "உன் செல் 37 டிகிரியிலேயே இருந்ததா?"ன்னு எந்த ரிவ்யூவரும் கேக்கலை. அந்த டேட்டா எல்லாம் அச்சுல இருக்கு.

நான் சொல்றது: பிளாஸ்மோசின்னு மைக்கோபிளாஸ்மாவைக் கொல்ற மருந்தை ரெண்டு வாரம் போடு. அப்புறம் மருந்தே இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல வளர்த்து மறுபடி டெஸ்ட் பண்ணு. சுத்தம்னு வந்தா முக்கியமான ஒண்ணு ரெண்டு பரிசோதனையை மட்டும் திருப்பிச் செய். அதே போக்கு வந்தா பழசையும் சேர்த்து எழுது, நடந்ததை ஒரு வரி குறிப்பிடு. உங்க பேராசிரியர் வில்லன் இல்லை. கிராண்ட் கணக்கை முடிச்சாகணும், அவருக்கும் மேல ஒருத்தர் இருக்கார்.


பாசேஜ்_கேப்டவுன் | திங்கள் காலை

"அதே போக்கு வந்தா" என்கிறீர்களே, வராவிட்டால்? அந்த ஒரு வரியை அப்போதும் எழுதுவார்களா?

லோட்ஷெடிங் காலத்து டேட்டா மேல் எனக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது, அது வேறு விஷயம்.


ஃபீனிக்ஸ்_அம்மா | திங்கள் மதியம்

நடுவுல வந்து கேக்கறதுக்கு மன்னிச்சிருங்க. என் சின்ன மக லைஃப் சயின்ஸ்ல ஹானர்ஸ் முடிச்சிட்டு மாஸ்டர்ஸ் சேரணும்ங்கறா. இதெல்லாம் படிக்கப் படிக்க பயமா இருக்கு. இவ்வளவு படிச்சு, ஞாயித்துக்கிழமையும் லேபுக்கு ஓடி, கடைசில என்ன சம்பளம் வரும்? காவடி அன்னைக்குக்கூட லீவு இல்லைன்னு கயலு வேற ஒரு இழைல எழுதியிருந்தாளே. எங்க மாமியார் இருந்திருந்தா அந்த லேபுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பாங்க.


உலர்_கை | திங்கள் மதியம்

அக்கா, நல்ல கேள்வி. யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன்.

நான் செல் வளர்ப்பதை விட்டுவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டவன். வைரஸ் மரபணு வரிசைகளைப் பிரித்துப் படிக்கிற வேலை. கோவிட் காலத்தில் இந்த நாட்டில் அதற்கு மவுசு வந்தது. 2020 டிசம்பரில் பீட்டா, 2021 நவம்பரில் ஒமிக்ரான், இரண்டையும் உலகத்துக்குச் சொன்னது தென்னாப்பிரிக்க லேப்கள்தான். டர்பன் மெடிக்கல் ஸ்கூல் வளாகத்தில் அப்போது ராத்திரி முழுக்க விளக்கு எரியும்.

சம்பளம் என்று கேட்டீர்கள். மாஸ்டர்ஸ், பிஎச்.டி. மாணவர்களுக்குப் பர்சரி. பட்டம் வாங்கின பிறகு போஸ்ட்டாக். இங்கே போஸ்ட்டாக் பெரும்பாலும் ஊழியர் கணக்கில் வராது. ஃபெலோஷிப் என்று தருவார்கள், வருமான வரி பிடிக்க மாட்டார்கள், கேட்கச் சந்தோஷமாக இருக்கும். பென்ஷன் கிடையாது, மெடிக்கல் எய்ட் கிடையாது, வேலை போனால் யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீடு கிடையாது. முப்பத்தைந்து வயதில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு வீட்டுக் கடனுக்குப் போய் நின்றால், பேங்கில் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.

உங்கள் மகளைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சேருகிற லேபில் இதற்கு முன் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைவிட அதில் விஷயம் அதிகம்.

இப்போது கயல் விஷயம். இதில் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பேராசிரியர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் புரியும். அங்கீகரித்த இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. ஓர் அலகுக்கு லட்சம் ராண்டுக்கு மேல். பிஎச்.டி. ஒருவர் முடித்து வெளியே போனால் 3 அலகு, ஆய்வு மாஸ்டர்ஸ் என்றால் 1. கயல் முடித்தால் அலகு. கயல் நின்று செல்லைக் கொட்டி, புதிதாக வளர்த்து, மாதாமாதம் டெஸ்ட் போட்டால் அதற்கு அலகு எதுவும் கிடையாது. அந்தக் கூடுதல் மாதங்களின் வாடகையும் சாப்பாடும் யார் தலையில்? பர்சரிக்காரி தலையில். லேபிலேயே குறைந்த காசு வாங்குகிற ஆள்தான் அறிவியலின் நேர்மைக்கு முழுச் செலவையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் ஆத்திரம். பாசேஜ் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவர் "கொட்டு" என்று சொல்வதைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இந்த நாட்டுக்கு நிதி நிறுத்தியதிலிருந்து, அந்தப் பணத்தை நம்பியிருந்த லேப்களில் பலவும் ஆட்டம் கண்டுவிட்டன. யு.எஸ்.எய்ட் பணத்தில் ஓடிய எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு, பிரில்லியன்ட் கூட்டமைப்பு, முதல் ஊசி போடுகிற நேரத்தில் நின்றது. கயலின் பர்சரி எந்த வாய்க்காலிலிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கேயே தண்ணீர் இல்லையென்றால் நீட்டிப்பு கேட்கிற முறையே வேறு.


நடுவழி | திங்கள் மாலை

உலர்_கை சொன்னதுல பாதியைத்தான் நான் மோசமான தமிழ்ல சொன்னேன் 🙂


மெரிபேங்க்_பெரியவர் | திங்கள் இரவு

அம்மா கயல்,

நான் ஓய்வு பெற்ற லேப் டெக்னாலஜிஸ்ட். கண் மங்கிவிட்டது, பேரன் தட்டச்சு செய்கிறான். பிழை இருந்தால் அவன் கணக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலம் வேறு, நிறவெறி ஆட்சிக் காலம். எங்கள் ஜனம் மேற்படிப்புக்குப் போவதென்றால் 1961 முதல் சாலிஸ்பரித் தீவில் இந்தியருக்கென்று வைத்த கல்லூரி. துறைமுகத்திலிருந்து படகேறிப் போவார்கள். பிறகு அது வெஸ்ட்வில்லுக்குப் போனது. மருத்துவம் என்றால் உம்பிலோ ரோடு மெடிக்கல் ஸ்கூல். என்னைப்போல் படிப்பை மேலே தொடர வசதியில்லாதவர்கள் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர்களாக உள்ளே நுழைந்து, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றோம். கட்டுரையில் எங்கள் பெயர் வராது. நன்றி என்று கடைசியில் ஒரு வரி வந்தால் அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவோம்.

ஆரன் க்ளூக் என்று ஒருவர், எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்க வழி கண்டவர், 1982-இல் வேதியியல் நோபல். இரண்டு மூன்று வயதில் டர்பனுக்கு வந்து டர்பன் ஹை ஸ்கூலில் படித்தவர். பத்திரிகையில் பெருமையாகப் போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் அன்றைக்கு இடமில்லை. அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஜெர்மிஸ்டனில் செருப்புத் தைக்கிறவர் மகனாகப் பிறந்த சிட்னி பிரென்னரும் அப்படித்தான். ஜோஹானஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு 1952-இல் இங்கிலாந்து போனார். புழுவின் ஒவ்வொரு செல்லும் எங்கே பிறக்கிறது, எது சாகிறது என்று கணக்கெடுக்கிற வேலையைத் தொடங்கிவைத்து 2002-இல் நோபல் வாங்கினார். மண் இங்கே, பேர் அங்கே. இது பழைய கதை, விடு.

உன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தலைமை டெக்னாலஜிஸ்ட் ஒரு விதி வைத்திருந்தார். ஸ்டாக் செல்களுக்கு ஆன்டிபயாடிக்கே போடக்கூடாது. கை சுத்தமில்லை என்றால் மறுநாளே மீடியா கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், அன்றைக்கே கொட்டலாம். மருந்து ஊற்றி வளர்த்தால் அழுக்குக் கை தெரியாது, தெரியாமல் வருவதுதான் மைக்கோபிளாஸ்மா. வருகிற வழியும் நம் வாய்தான் பெரும்பாலும். மனிதர் வாயில் இயல்பாக இருக்கிற இனங்கள் உண்டு. ஹூடில் (செல் வேலை செய்யும் காற்றுப் பெட்டி) குனிந்து பேசிக்கொண்டே வேலை செய்தால் விழும். மாட்டு சீரத்திலிருந்து சில வரும், பன்றியிலிருந்து எடுக்கும் ட்ரிப்சின் நொதியிலிருந்து சில வரும்.

பெரிய வழி இன்னொன்று: கடன். ஒரு லேபிலிருந்து இன்னொரு லேபுக்கு அன்பாகக் கொடுக்கிற ஃபிளாஸ்க். உறைமோர் கெட்டுப்போயிருந்தால் பால் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன? உங்கள் இன்குபேட்டருக்குள் கடைசியாக வெளியிலிருந்து வந்த செல் எது, எந்த மாதம் வந்தது என்று புத்தகத்தைப் பார். அங்கிருந்து தொடங்கு.


குவியம்_ஜோபர்க் | செவ்வாய் காலை

பெரியவர் சொன்ன "எந்த மாதம்" என்பதுதான் இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி. எல்லோரும் எல்லாவற்றையும் கொட்டு, எதையும் கொட்டாதே என்று இரண்டு முனையில் நிற்கிறீர்கள். தொற்று ஒரு நாளில் வந்தது. அதற்கு முன்னால் எடுத்த டேட்டா நல்ல டேட்டா. அந்த நாளைக் கண்டுபிடிக்கப் பாருங்கள்.

நான் மைக்ரோஸ்கோப் கூடம் பார்த்துக்கொள்கிறவள். கயல், நீ கவர்ஸ்லிப்பில் டாப்பி என்ற ஒளிரும் சாயம் போட்டுப் படம் எடுத்திருப்பாய்தானே? நியூக்ளியஸை எண்ணுவதற்காக எடுத்த படங்கள். அவற்றைத் திறந்து, நியூக்ளியஸை விட்டுவிட்டு வெளியே சைட்டோபிளாசத்தைப் பார். டாப்பி டி.என்.ஏ. எங்கே இருந்தாலும் ஒட்டும். மைக்கோபிளாஸ்மா இருந்தால் செல்லின் மேலும் செல்லுக்குச் செல் நடுவிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். நாம் வழக்கமாக பிரைட்னஸைக் குறைத்து, நியூக்ளியஸ் மட்டும் அழகாகத் தெரிகிற மாதிரி வைத்துப் பார்ப்பதால் அந்தப் புள்ளிகள் கண்ணில் படுவதே இல்லை. காமாவை ஏற்று, கான்ட்ராஸ்ட்டை இழு. மூலக் கோப்பில்தான் செய்ய வேண்டும், ஜேபெக்கில் வேண்டாம்.

மூன்று விஷயம் கவனி. கிருமி போட்ட குழிகளின் படங்களைப் பார்க்காதே, அவற்றில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வும் செத்துச் சிதறிய செல்லின் துணுக்கும் சேர்ந்து குழப்பும். கன்ட்ரோல் படங்கள் மட்டும். அடுத்தது, படத்தில் புள்ளி இல்லை என்பதாலேயே சுத்தம் என்று சத்தியம் பண்ண முடியாது, தொற்று லேசாக இருந்தால் தெரியாது. அதனால் மூன்றாவதாக, நைட்ரஜன் தொட்டியில் தேதி வாரியாக உறையவைத்த வயல்கள் (செல் குப்பிகள்) இருக்குமே, ஒவ்வொரு காலத்திலும் ஒன்று எடுத்து உருக்கி பி.சி.ஆர். போடு. படமும் வயலும் ஒரே தேதியைக் காட்டினால் யார் முன்னாலும் வைத்துப் பேசலாம். வயலை உருக்குவதை உங்கள் இன்குபேட்டரில் செய்யாதே. தனியாக ஒன்று இரவல் வாங்கு.

முடிந்தால் அதே டி.என்.ஏ.வில் எஸ்.டி.ஆர். பரிசோதனையும் (செல்லின் டி.என்.ஏ. கைரேகை) போட்டுவிடு. உன் டி.எச்.பி.-1 உண்மையிலேயே டி.எச்.பி.-1 தானா என்பதும் தெரியட்டும்.


உலர்_கை | செவ்வாய் காலை

குவியம் அக்காவுக்கு ஒரு கும்பிடு.

எஸ்.டி.ஆர். பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், இது எனக்குப் பிடித்த கதை. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள்தான் ஹீலா. அவர் அந்த வருடமே இறந்துபோனார், செல்கள் இன்னும் பெருகுகின்றன. 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு மாநாட்டில் எழுந்து நின்று, வெவ்வேறு ஆட்களிடமிருந்து எடுத்ததாகச் சொல்கிற பல செல்வரிசைகளில் ஒரே ஜி6பிடி நொதி வகைதான் இருக்கிறது என்றார். ஆப்பிரிக்க வழி வந்தவர்களிடம் காணப்படும் வகை. வெள்ளைக்காரரிடமிருந்து எடுத்ததாகச் சொன்ன செல்லிலும் அதுவே. எல்லாம் ஹீலா, ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காகக் குடியேறியிருக்கிறது. கேட்டவர்கள் நன்றி சொல்லவில்லை, சண்டைக்குத்தான் வந்தார்கள்.

2017-இல் நெதர்லாந்தில் இருவர் உட்கார்ந்து எண்ணினார்கள். ஆள்மாறின செல்வரிசைகளை வைத்து எழுதிய கட்டுரைகள் 32,755. பெரும்பாலானவை இன்னும் அப்படியே மேற்கோள் காட்டப்படுகின்றன. மைக்கோபிளாஸ்மாவும் புதுசில்லை, 1956-லேயே ஹீலா செல்லில் பார்த்துவிட்டார்கள். இத்தனை வருடமாகத் தெரிந்த ஒன்றை மாதாமாதம் சோதிக்க ஆள் போடவில்லை என்றால், அது தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

லாக்ஸ் குடும்பத்துக்கு ஒரு கம்பெனியோடு உடன்பாடு ஏற்பட்டதே 2023-இல்தான்.


ஃபீனிக்ஸ்_அம்மா | செவ்வாய் மதியம்

கேக்காம எடுத்தாங்களா? இங்க ஆஸ்பத்திரில எடுக்கற ரத்தம் சதையெல்லாம்?


பாசேஜ்_கேப்டவுன் | செவ்வாய் மதியம்

இப்போது அப்படி முடியாது அக்கா. 2003 தேசிய சுகாதாரச் சட்டத்தில் மனிதத் திசுவுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. எழுத்தில் சம்மதம் வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். கயல் ரத்தச் செல் எடுக்கக் கஷ்டம் என்று சொன்னாளே, அது இந்த வகைக் கஷ்டம். இருந்துவிட்டுப் போகட்டும்.

குவியம் சொன்னதை நான் யோசிக்கவில்லை. நல்ல வழி.


கயல்_டர்பன் | சனி இரவு

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்குக் காரணம், படங்கள் மூன்று ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடந்தன.

முதலில் பெரியவர் சொன்னபடி புத்தகம் பார்த்தேன். போன குளிர்காலத்தின் நடுவில் வேறொரு லேபிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் வந்திருக்கிறது, தனியாக வைக்காமல் நேரே எங்கள் இன்குபேட்டரில். அதைக் கொண்டுவந்தவர் படிப்பு முடிந்து போய்விட்டார். பிறகு படங்கள். குவியம் அக்கா சொன்ன மாதிரி காமாவை ஏற்றியதும் வயிற்றைப் பிசைந்தது. ஆகஸ்ட் படங்களில் புள்ளிகள் வானம் மாதிரி. ஜூன் படங்களில் ஒன்றும் இல்லை. ஜூலையில் எடுத்தது குறைவு, அதில் சொல்ல முடியவில்லை. வயல்களில் மே மாத வயல் சுத்தம், செப்டம்பர் வயலில் பட்டை. நடுவில் எதையும் உறையவைக்கவில்லை.

இரண்டாவது அத்தியாயத்தின் பெரும்பகுதி ஜூனுக்கு முன்னால் எடுத்தது. மூன்றாவது அத்தியாயம் முழுக்கப் போய்விட்டது. ஜூலையையும் சேர்த்துக் கழித்துவிட்டேன், சந்தேகத்தோடு வைத்துக்கொள்ள மனசில்லை.

இதை எல்லாம் ஒரே தாளில் தேதி வாரியாகப் போட்டுப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மூன்றாவதை எடுத்துவிடு" என்று அவரே சொன்னார். கூடுதல் காலத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றும் சொன்னார். பணம் வருமா என்பதற்குப் பதில் இல்லை. உலர்_கை அண்ணன் சொன்னபடி விசாரித்ததில், என் பர்சரி உள்நாட்டு நிதியில்தான் இருக்கிறது, அந்தவரைக்கும் பரவாயில்லை.

அந்த இன்குபேட்டரைப் பயன்படுத்திய மற்ற இருவரில் ஒருவர் ஏற்கெனவே கட்டுரை அனுப்பிவிட்டார். அவரிடமும் படங்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை.


நடுவழி | சனி இரவு

மே மாசத்து சுத்தமான வயல் இருக்குன்னா வெளிநாட்டு ஆம்ப்யூலுக்கே நிக்க வேண்டாமே! அதுலேர்ந்தே வங்கி போடு. முதல் வேலையா அஞ்சாறு வயல் உறைய வை, அப்புறம் பரிசோதனை.

அந்த ரெண்டாவது ஆளுக்கு நேரம் கொடு. கட்டுரையைத் திரும்ப வாங்கறதுன்னா சின்ன விஷயமா?


உலர்_கை | ஞாயிறு காலை

நீட்டிப்புக் கடிதத்தை "நான் தாமதித்துவிட்டேன்" என்று தொடங்காதே. பொது இன்குபேட்டரில் தொற்று, சோதனை முறை எதுவும் இல்லை, கண்டுபிடித்தது மாணவர்கள், டேட்டாவைத் தேதி வாரியாகப் பிரித்ததும் மாணவர்கள் என்று எழுது. பி.சி.ஆர். படத்தை இணை. பேராசிரியர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். மூன்று பேரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, பேசாதவரையும் சேர்த்துத்தான். காசு கொடுக்கவில்லையென்றால் எழுத்தில் மறுக்கச் சொல்.


கயல்_டர்பன் | ஞாயிறு காலை

வரைவு எழுதி இங்கேயே போடுகிறேன் அண்ணா, திருத்திக் கொடுங்கள். மாதா மாதம் டெஸ்ட் போட லேபில் முறை வைத்தாகிவிட்டது. கிட் செலவு பேராசிரியர் கணக்கில், வேலை எங்கள் கணக்கில். பெரியவர் சொன்ன விதிப்படி ஸ்டாக்குக்கு ஆன்டிபயாடிக் நிறுத்திவிட்டோம். முதல் வாரமே ஒருத்தருடைய ஃபிளாஸ்க் கலங்கிவிட்டது.


மெரிபேங்க்_பெரியவர் | ஞாயிறு மதியம்

கலங்கட்டும். கலங்கினால்தான் கை திருந்தும்.

அடுத்த காவடிக்கு உம்பிலோ கோயிலுக்கு வா. யார் செல்லுக்கு யார் மீடியா மாற்றுவது என்று முன்கூட்டியே முறை போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கிறிஸ்துமஸ் வந்தால் மற்றவர்களுக்குச் செய்வோம், தீபாவளிக்கு அவர்கள் எங்களுக்குச் செய்வார்கள்.


ஃபீனிக்ஸ்_அம்மா | ஞாயிறு மதியம்

என் மக இந்த இழை பூரா படிச்சிட்டா. சேரப்போற லேபுல "மாசா மாசம் டெஸ்ட் போடறீங்களா?"ன்னு கேக்கப் போறாளாம். பேராசிரியர்கிட்ட அப்படிக் கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா?


குவியம்_ஜோபர்க் | ஞாயிறு மாலை

நினைத்தால் அந்த லேப் வேண்டாம் அக்கா.


புதுசு_ப்ளூம்ஃபான்டெய்ன் | திங்கள் காலை

இழையைப் படித்துவிட்டு எங்கள் லேபிலும் சோதிக்கலாம் என்றிருக்கிறோம். கிட் வாங்கக் காசில்லை. பிரைமர் மட்டும் வாங்கி நாங்களே பி.சி.ஆர். போட முடியுமா?


பாசேஜ்_கேப்டவுன் | திங்கள் காலை

தாராளமாக. 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவைப் பிடிக்கிற பிரைமர்கள் கட்டுரைகளிலேயே கிடைக்கும், 500 கார இணை அளவில் பட்டை வருகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். செல்களை மருந்தில்லாத மீடியாவில் இரண்டு மூன்று நாள் நெருக்கமாக வளரவிட்டு, மீடியா மாற்றாமல், அந்த மேல்திரவத்தை எடுத்துக் கொதிக்கவைத்துப் போட்டாலே போதும். தண்ணீர் மட்டும் விட்ட ட்யூப் ஒன்று கட்டாயம். பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு டி.என்.ஏ.வாக வாங்குங்கள், உயிருள்ள மைக்கோபிளாஸ்மாவைக் கட்டிடத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பி.சி.ஆர். கலக்குகிற இடம் செல் வளர்க்கிற அறையாக இருக்கக் கூடாது.

கயலிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் டி.என்.ஏ.வில் கொஞ்சம் கன்ட்ரோலுக்குத் தருவாள். இப்போது அவளிடம் நிறைய இருக்கிறது.